பூட்டிய தொட்டியின் கல் திருடன்

அத்தியாயம் ஒன்பது

ஏழு புள்ளி ஒன்று.

நீர்வளத் துறை அலுவலகத்தில் துப்பறிவாளர் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினார். ஏழு புள்ளி ஒன்று. அடுத்த வாரம் ஏழு புள்ளி இரண்டு. அதற்கும் அடுத்த வாரம் மறுபடி ஏழு புள்ளி ஒன்று. ஒவ்வொரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கும் ஏரித் தண்ணீரைச் சோதித்து, நீல மையில், ஒரே கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பதினோரு வருடத் திங்கட்கிழமைகள்.

"விறுவிறுப்பே இல்லை மேடம்," என்றான் பக்கத்தில் நின்ற உதவியாளன். "இருநூறு பக்கம் போயும் ஒரு திருப்பம்கூட வரலை."

அவனை எல்லோரும் விசில் என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடம் பேருந்து நடத்துனராக இருந்தவன். வேலை போன பிறகும் விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. அவனிடம் மிஞ்சிப்போன பயணச்சீட்டுக் கட்டுகள்தான் துப்பறிவாளரின் குறிப்பேடு. முன்பக்கம் கட்டணம், பின்பக்கம் சந்தேகம்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் சுற்றிச் சுற்றி வந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பழகியவர். பொய்யென்றால் அவருக்குக் கோபம் வராது, பசிதான் வரும். எல்லோரும் உண்மை பேசி, அப்படியும் எதுவும் பொருந்தாமல் போவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. நான்கு நாட்களாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

வழக்கு சொல்வதற்கு எளிது. மலைச்சரிவின் அடியில் ஒரு மீன் பண்ணை. அதற்கு மேலே ஒரு பழத்தோட்டம். அதற்கும் மேலே ஏரி. பண்ணைக்காரரின் உடன்பிறந்த தங்கையைத்தான் தோட்டக்காரர் கட்டியிருந்தார். ஏரித் தண்ணீர், தோட்டத்தின் நடுவே ஓடும் பழைய கல் வாய்க்கால் வழியாகப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு மாதம் முன்பு, வாய்க்காலில் விழுந்த உடைப்பை யார் அடைப்பது என்று இருவருக்கும் தகராறு. பண்ணைக்காரர் ரோஷத்தில் தோட்டத்தையே தவிர்த்து, ஏரியிலிருந்து நேராக ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொண்டார். குழாய் இறங்கிய அன்று தோட்டக்காரர் பத்துப் பேர் முன்னால் கத்தினார்: "என் வாய்க்கால் தண்ணி இல்லாம உன் மீன் எத்தனை நாள் உயிரோட இருக்குன்னு நானும் பார்க்கறேன்."

ஐந்து மாதம் சொட்டு மழை இல்லை. பதினோரு நாள் முன்பு, ஒரு ஞாயிறு மாலை, வானம் திறந்துகொண்டு கொட்டியது. திங்கள் காலையில் பண்ணையின் மீன் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. செவுள்களில் வெள்ளைக் கூழ் போல ஒரு படிவு. ஆய்வகம் அதை அலுமினியம் என்றது. தோட்டக்காரரின் கொட்டகையில், எட்டு மாதம் முன்பு வாங்கிய படிகார மூட்டைகள் கிடந்தன. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் அந்தப் படிகாரத்திலும் இருப்பது அலுமினியம்தான். வாங்கியது ஆறு மூட்டை, இருந்தது நான்கு. மருந்து தெளிக்கும் தொட்டியில் போட்டேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மூட்டைகளைக் கண்ட அன்றே போலீசார் அவரை உள்ளே வைத்துவிட்டார்கள்.

துப்பறிவாளரைத் தேடி வந்தது தோட்டக்காரரின் மனைவி. "அண்ணன் குடுத்த புகார்ல புருஷன் உள்ள இருக்கார்," என்றாள். பிறகு, "அழுதா, யாருக்காக அழறேன்னு ரெண்டு வீட்லயும் கேக்கறாங்க," என்றாள். நாளை, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஜாமீன் விசாரணை. அதில் தவறினால் அடுத்த விசாரணைக்கு ஆறு வாரம் ஆகும். மரத்தில் இருக்கிற பழம் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

துப்பறிவாளரிடம் ஒரு விளக்கம் இருந்தது. இன்று காலை வரை அது அழகான விளக்கமாகவும் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் தாது உருக்கும் ஆலை ஒன்று உண்டு. தாதுவில் கந்தகம் இருக்கும். கந்தகப் புகை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மழையில்தான் அது இறங்க வேண்டும் என்பதில்லை. மழையில்லாத மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத தூசாக வந்து இலைமேலும் பாறைமேலும் உட்கார்ந்துகொள்ளும். முதல் பெருமழை வந்ததும் ஐந்து மாதத்து அமிலம் மொத்தமும் ஒரே நாளில் மண்ணுக்குள் இறங்கி ஏரிக்குப் போகும்.

அமிலம் சரி, அலுமினியம் எங்கிருந்து வந்தது என்று விசில் கேட்டபோது, அவர் அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். மண் துகள் ஒவ்வொன்றும் ஒரு பேருந்து. இருக்கைகளில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உட்கார்ந்திருக்கின்றன. அமிலம் ஏறியதும் அவற்றை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார இடம் கிடைத்ததால் அதன் ஆட்டமும் அங்கேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் நல்ல மண் பல வருடம் தாங்குகிறது. ஆனால் வருடக்கணக்கில் இப்படியே நடந்தால், இறக்கிவிட ஆளே இல்லாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு அமிலம் பேருந்தின் தகரத்தையே பெயர்க்கத் தொடங்கும். மண்ணின் தகரம் அலுமினியம். அது இல்லாத களிமண்ணே கிடையாது. கெட்டியாகக் கட்டுண்டு கிடக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. கரைந்து தண்ணீரில் இறங்கினால் மீனின் செவுளில் போய் ஒட்டி மூச்சை அடைத்துவிடும்.

"அப்ப கடைசியில வண்டியே தெருவுக்கு வந்துடுது," என்று விசில் ஏற்றுக்கொண்டான்.

காவல் ஆய்வாளர்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. யாரைக் கைது செய்வது, மேகத்தையா என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நியாயமான விஷயத்தையும் சொன்னார்: ஏரி அமிலமாகியிருந்தால் நீர்வளத் துறைப் பதிவேட்டில் அது தெரிந்திருக்க வேண்டும், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்க்க இரண்டு மனு, மூன்று கையெழுத்து, நான்கு நாள். இப்போது அது அவர் முன்னால் திறந்து கிடந்தது. பி.எச். என்ற அந்த அளவில் ஏழு என்றால் தண்ணீர் புளிப்பும் இல்லை, உவர்ப்பும் இல்லை. ஏழிலிருந்து ஒவ்வொரு எண்ணாக இறங்க இறங்கப் புளிப்பு பத்துப் பத்து மடங்காக ஏறும். ஐந்துக்கு அருகில் வந்தால் மீனுக்கு ஆபத்து. மீன்கள் செத்த அதே திங்கள் காலை, அதே ஏழரை மணிக்கு, ஏரியின் அளவு ஏழு புள்ளி ஒன்று.

துப்பறிவாளர் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்த விளக்கத்தைக் குறுக்கே கிழித்தார். பிறகு இன்னொரு முறை கிழித்தார்.

"மூணாவது தடவை கிழிச்சா ஆய்வாளர் ஒத்துக்குவார்னா நானும் ஒரு கை கொடுக்கறேன்," என்றான் விசில். அவன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். அவன் பேசாமலிருப்பது அபூர்வம் என்பதால் துப்பறிவாளர் நிமிர்ந்தார்.

"என்ன?"

"எங்க டிப்போவுல ஒருத்தன் இருந்தான். தினமும் அவன் வண்டியில நாப்பத்தொரு பேர். மழைக்கும் நாப்பத்தொண்ணு, கடையடைப்புக்கும் நாப்பத்தொண்ணு. உண்மையிலயே எண்ணுனா எண்ணிக்கை ஒழுங்கா வராது மேடம். ஏறும், இறங்கும், ஒருநாள் பேய்த்தனமா குதிக்கும். இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னா வீட்டுல உக்காந்து எழுதினது."

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் சொன்னதில் பாதி சரி. வறட்சியிலும் மழையிலும் ஒரே எண்ணைக் காட்டும் ஏரி உலகத்தில் கிடையாது.

தண்ணீர் எடுப்பவர் யார் என்று எழுத்தரிடம் கேட்டார்கள். எழுத்தர் அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அவரைத் துறையில் எல்லோரும் திங்கக்கிழமை என்றுதான் கூப்பிடுவார்களாம். காய்ச்சலோ கல்யாணமோ, ஒரு திங்கள்கூட விட்டதில்லை. மாவட்டத்திலேயே சிறந்த அளவீட்டாளர் என்று சான்றிதழ் வாங்கியவர். ஒரே ஒரு கோளாறு, கொஞ்சம் கிறுக்கு. ஏரிக்கரையில் பூட்டி வைத்திருக்கும் தொட்டிக்குள்ளிருந்து யாரோ ஜல்லிக்கல் திருடுகிறார்கள் என்று வருடத்துக்கு ஒரு மனு கொடுப்பார். ஆறு வருடமாக ஆறு மனு. பூட்டு உடையவில்லை, சாவி அவர் கழுத்திலேயே தொங்குகிறது, கல் மட்டும் காணாமல் போகிறதாம்.

"திருடனுக்கு வீடு கட்டற ஆசை, ஆனா அவசரம் இல்லை," என்றான் விசில். எழுத்தர் ரசித்துச் சிரித்தார். துப்பறிவாளர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

ஏரிக்குப் போகும் பாதை சேறாகிக் கிடந்தது. இரண்டு கிலோமீட்டர் முன்பே கார் பின்சக்கரம் புதைந்து நின்றது. அதைத் தூக்கக் கல் தேடி, கல் கிடைத்து, கல்லும் சேற்றுக்குள் போனது. கடைசியில் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மேலே போனால் வேலிக்கதவு பூட்டியிருந்தது. மணி அடித்தார்கள், ஆளில்லை. விசில் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினான். உடனே ஒருவர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

வந்தவர் ஐம்பது தாண்டியவர். சட்டைக்காலர்வரை பொத்தான் போட்டிருந்தார். கழுத்தில் கயிறு, கயிற்றில் சாவி. திங்கக்கிழமை.

துப்பறிவாளர் சுற்றி வளைக்காமல் கேட்டார். ஏரிக்கு வராமலேயே எத்தனை வாரம் எழுதியிருக்கிறீர்கள்? திங்கக்கிழமையின் முகம் சட்டென்று சுருங்கியது. தன் அம்மா இறந்த திங்களன்றுகூடக் காலை ஏழரைக்குத் தண்ணீர் எடுத்து எழுதிவிட்டுத்தான் காரியத்துக்குப் போனதாகவும், வேண்டுமென்றால் மயானத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. துப்பறிவாளருக்கு அது தெரிந்தது, அதனாலேயே எரிச்சல் இன்னும் ஏறியது. மறுபடியும் ஒரு உண்மை, மறுபடியும் எதிலும் பொருந்தாத உண்மை.

"எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்க," என்றார்.

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"சும்மா காட்டுங்க."

ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தடி ஆழத்தில் கிடந்த மரக்கிளையின் பட்டை வரிகூடத் தெரிந்தது. குடிக்கலாம் போலிருக்கிறதே என்றான் விசில். துப்பறிவாளர் தலையை ஆட்டினார். பாசி இல்லை, நத்தை இல்லை, தவளை இல்லை, கரையோரம் ஒரு பூச்சிகூட இல்லை. "இது சுத்தம் இல்லை," என்றார். "காலி."

அதைச் சொல்லும்போதே அவருக்குள் ஏதோ உறுத்தியது. இப்படிக் காலியாகிப்போன ஏரியில் ஏழு புள்ளி ஒன்று இருக்க வழியில்லை.

கரையோரம் நடந்தபோது விசில் எதிலோ கால் இடறி முழங்காலில் விழுந்தான். நீல நிறப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை ஏரிக்குள் இறங்கியிருந்தது, மறுமுனை தோட்டத்து வேலியைச் சுற்றிக்கொண்டு கீழே சரிந்தது. மச்சானின் ரோஷம் நல்ல கனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

திங்கக்கிழமை தண்ணீர் எடுக்கும் இடம் ஏரி அல்ல, மதகை ஒட்டிய சிமெண்டுத் தொட்டி. முன்பெல்லாம் ஏரிக்குள் நீண்டிருந்த பலகையில் நின்றுதான் எடுத்தார்களாம். பலகை உடைந்து ஒரு ஊழியர் விழுந்ததும், இனிமேல் பாதுகாப்பாகத் தொட்டியில் எடுக்கும்படி சுற்றறிக்கை வந்தது. ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் தொட்டிக்குள் நுழைந்து, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் பழைய கல் வாய்க்காலில் விழும். தண்ணீர் அதே ஏரித் தண்ணீர்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் இரும்பு மூடியின் பூட்டைத் திறந்தார். உள்ளே பார்த்த விசில், "அண்ணே, இது தொட்டியா, நகைக்கடையா?" என்றான்.

அடியில் வெள்ளை வெளேரென்று சலவைக்கல் ஜல்லி பரப்பியிருந்தது. திங்கக்கிழமையின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. தொட்டியடியில் சேறு தங்கினால் பாட்டிலில் கலங்கல் வருமாம். அதனால் வேலைக்குச் சேர்ந்த வருடமே, தரைக்கல் அறுக்கும் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளை அவரே வாங்கி வந்து பரப்பினார். யாரும் சொல்லவில்லை. கற்களின் மேல் கூழ் மாதிரி ஒரு வெள்ளை வழுக்கு படியும், அதையும் வாராவாரம் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிடுவார். மாவட்டத்தில் இவ்வளவு சுத்தமான தொட்டி வேறெங்கும் இல்லை. ஆனால் அந்தத் திருடன்தான் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. வருடத்துக்கு எட்டுக் கூடை கல் போடுகிறார், அடுத்த வருடம் பார்த்தால் எட்டுக் கூடையும் குறைந்திருக்கிறது.

துப்பறிவாளர் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டு ஒரு கல்லை எடுத்தார். அறுத்துப்போட்ட கல்லுக்கு விளிம்பு கூராக இருக்க வேண்டும். இது வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டு, வழவழத்து, இளைத்திருந்தது.

 பிறகு கைப்பையிலிருந்து நிறத்தாள் புத்தகத்தை எடுத்தார். தண்ணீரில் நனைத்தால் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் தாள். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். பச்சை. ஏழு. எழுந்து ஆறு தப்படி நடந்து, ஏரியில் குனிந்து இன்னொன்றை நனைத்தார். ஆரஞ்சு. ஐந்துகூட இல்லை.

ஆறு தப்படி இடைவெளி. ஒரே தண்ணீர்.

"உங்க திருடனைக் கண்டுபிடிச்சாச்சு," என்றார்.

திங்கக்கிழமை சுற்றுமுற்றும் பார்த்தார்.

சலவைக்கல்லும் சுண்ணாம்பின் வகைதான். அமிலம் பட்டால் கரையும், கரைந்து அமிலத்தைக் கொல்லும். ஏரியிலிருந்து புளித்து வரும் தண்ணீர் அந்தக் கற்களைத் தின்று, தின்ற அளவுக்குப் புளிப்பை இழந்து, ஏழு புள்ளி ஒன்றாகிப் பாட்டிலுக்குள் வந்துகொண்டிருந்தது. கல் கரைந்ததும் புதுக் கல். எந்த மழைக்கும் எண் அசையாததன் ரகசியம் அதுதான். பூட்டை உடைக்காமல் எட்டுக் கூடை கல்லைக் கொண்டுபோனவன், தண்ணீரோடு வந்து தண்ணீரோடே போயிருக்கிறான்.

"அந்த வழுக்கு?" என்று கேட்டான் விசில். அவன் குரலில் கிண்டல் இல்லை.

அதுதான் நல்ல சாட்சி என்றார் துப்பறிவாளர். கரைந்து வரும் அலுமினியத்துக்குப் புளிப்புப் போனால் தண்ணீரில் நிற்க முடியாது, வெள்ளைக் கூழாகப் பிரிந்து எதிலாவது ஒட்டிக்கொள்ளும். இங்கே கல்லில் ஒட்டியது. பண்ணையில் செவுளில் ஒட்டியது. இரண்டும் ஒரே கூழ். திங்கக்கிழமை அதை எத்தனை வருடமாகத் தேய்க்கிறார்? ஆறு வருடம். தோட்டக்காரர் படிகாரம் வாங்கியது எட்டு மாதம் முன்பு.

விசில் விசிலை எடுத்தான், ஊதாமல் திரும்ப வைத்தான். "ஒரு இடம் இடிக்குது மேடம். ஆறு வருஷமா வருதுன்னா மீன் ஏன் போன வருஷம் சாகலை? அதுக்கு முந்தின வருஷம்?"

நியாயமான கேள்வி. துப்பறிவாளர் தொட்டியிலிருந்து தண்ணீர் விழும் வாய்க்காலைப் பார்த்தார். சாம்பல் நிறக் கற்கள். கார்ச் சாவியால் ஒன்றைத் தேய்த்தார், வெள்ளையாகக் கீறல் விழுந்தது. சுண்ணாம்புக் கல். தோட்டத்தின் நடுவே அரைக் கிலோமீட்டர் இதே கல். பிறகு அவர் பார்வை, விசில் தடுக்கி விழுந்த நீலக் குழாய்க்குப் போனது. அது தொட்டியைத் தொடவில்லை, வாய்க்காலையும் தொடவில்லை. பிளாஸ்டிக்கை அமிலம் தின்னாது. குழாய் போட்ட பிறகு வந்த முதல் பெருமழையில், ஏரிக்குள் இறங்கியது அத்தனையும் அப்படியே பண்ணைக்குப் போயிருக்கிறது.

"என் வாய்க்கால் தண்ணி இல்லாம உன் மீன் எத்தனை நாள் உயிரோட இருக்குன்னு பார்க்கறேன்," என்று விசில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "மிரட்டல்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தாளு தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கார். மீனைக் கொன்னது மச்சானோட ரோஷம்."

துப்பறிவாளர் தோட்டக்காரரின் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார். அண்ணனிடம் அந்தக் குழாயை உடனே அடைக்கச் சொல்லும்படியும் சொன்னார். மறுமுனையில் அவள் கேட்டாள்:

"அப்ப ரெண்டு பேரும் தப்புப் பண்ணலையா?"

"வாய்க்கால் உடைப்பை அடைக்காம விட்டதைத் தவிர, இல்லை."

"அதை நான் நாளைக்கே ரெண்டு பேர் கையிலயும் கொத்துக் கரண்டியைக் குடுத்து அடைக்க வைக்கறேன்," என்றாள் அவள். அவள் குரல் உடைந்தது அதற்குப் பிறகுதான்.

திரும்பியபோது திங்கக்கிழமை தொட்டியை மூடிப் பூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"அப்ப நான் எழுதினதெல்லாம்?" என்றார்.

"அத்தனையும் உண்மை. தொட்டியைப் பத்தின உண்மை. ஏரியைப் பத்தி இல்லை."

அவர் தலையை ஆட்டினார். நாளை நீதிமன்றத்தில் வந்து அதைச் சொல்ல முடியுமா என்று துப்பறிவாளர் கேட்டார்.  திங்கட்கிழமை வாருங்கள் என்றார் அவர். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சன்னல் வழியே, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ் தெரிந்தது.

துப்பறிவாளர் வாசற்படியில் உட்கார்ந்தார். நான்கு நாள் தேடிய சாட்சி ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பதினோரு வருடத்தை அழித்துவிட்டு வா என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆய்வாளரின் முகம் நினைவுக்கு வந்து அவருடைய எரிச்சலைக் கிளறியது.

விசில் கதவருகே போய்க் குந்தினான். "அண்ணே, டிப்போவுல ஒருத்தன் தினமும் நாப்பத்தொரு பேர்னு பொய்க் கணக்கு எழுதினான்னு மேடம்கிட்ட சொன்னேன், அது நான்தான்," என்று கதவிடம் சொன்னான். "பொய் எழுதி மாட்டினவனைப் பார்த்திருக்கேன். நிஜத்தை எழுதியே மாட்டினவரை இப்பத்தான் பார்க்கறேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

துப்பறிவாளர் எழுந்தார். கேட்க வேண்டியதைத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு உங்க பதிவேடு வேண்டாம்," என்றார். "உங்க மனு வேணும். ஆறும். துறை முத்திரையோட, தேதியோட. கல்லு குறையுதுன்னு ஆறு வருஷமா நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்னது சரி. திருடுதான் போயிருக்கு."

 பிறகு தாழ்ப்பாள் விலகியது. திங்கக்கிழமை ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். ஆறு மனு நகல்கள், ஆறிலும் முத்திரை, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை கூடை என்ற விவரம், கல்லில் படிந்த வெள்ளை வழுக்கைப் பற்றி இரண்டு வரி. திருட்டு எங்கள் துறையின் கீழ் வராது என்ற ஆறு பதில்களும் பின்னால் குத்தியிருந்தன. அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் அல்ல.

மறுகையில் அளவுமானியும், இந்த வருடப் பதிவேட்டில் அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பிரதியும் இருந்தன. அவர் தொட்டியைக் கடந்து, உடைந்த பலகையின் அடிக்கட்டை வரை நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் முழங்கால் அளவு இறங்கினார். அளவுமானியை நீட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தார். கரையேறி, தொட்டியிலிருந்து வாய்க்காலில் விழும் தண்ணீரையும் அளந்து, கால் ஈரத்தோடு பதிவேட்டைத் தொட்டி மூடியின் மேல் விரித்து, நேரத்தைப் பார்த்து, நீல மையில் எழுதினார். ஏரி: நான்கு புள்ளி ஒன்பது. தொட்டி: ஏழு புள்ளி ஒன்று.

கிழமை எழுத வேண்டிய கட்டத்தில் பேனா நின்றது. பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்.

"வியாழன்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

காலை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். பத்தரைக்கு வந்தால் போதும் என்றார் துப்பறிவாளர். ஒன்பதுக்கே வந்துவிடுவேன் என்றார் அவர்.

பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். பூட்டைத் திறந்து எடுத்து, சாவியோடு சேர்த்து விசிலின் கையில் வைத்தார்.

"இத்தனை வருஷமா," என்றார், "திருடனை உள்ள விட்டுட்டுத்தான் பூட்டியிருக்கேன் தம்பி."